கடை, ஆபீஸ் கட்டடத்துக்கு எஃப்ஆர் வயர் மட்டும் போதுமா?

கேள்வி (சைட் சூப்பர்வைசர், கோவை):
தரைத்தளத்தில் துணிக்கடை, மேலே மூன்று மாடியும் ஆபீஸ். கான்ட்ராக்டர் எல்லாவற்றுக்கும் எஃப்ஆர் (ஃபிளேம் ரிடார்டன்ட், தீ பரவாத) வயர் போட்டு எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார். 16 ஆம்பியர் பிளக் சர்க்யூட் மூன்று, 2.5 சதுர மி.மீ. வயரில், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் ஒரே பிவிசி பைப்பில் போகிறது. ரைசருக்கும் (மாடிகளுக்கு ஏறும் மெயின் லைன்) ஃபயர் பம்ப்புக்கும் 3.5 கோர் (மூன்று பேஸ், பாதி அளவு நியூட்ரல்) அலுமினிய ஆர்மர்டு (இரும்புக் கவசமிட்ட) கேபிள். எதை மாற்றச் சொல்லலாம்?

பதில் 1 (பேனல் டிசைனர்):
முதலில் புகையைப் பாருங்கள் சார். எஃப்ஆர் தீ பரவுவதைத்தான் தடுக்கும். எரிந்தால் கறும்புகையும் ஹைட்ரஜன் குளோரைடும் வரும். எஃப்ஆர்எல்எஸ்எச் (புகை குறைந்த எஃப்ஆர்) வயரில் புகை குறைவு, ஆனாலும் அமில வாயு 20% வரை வரலாம். ஐஎஸ் 17048 என்ற இந்தியத் தரத்தின்படி வரும் ஹாலஜன் (குளோரின் போன்றவை) இல்லாத வயரில் அது 0.5%-ஐத் தாண்டாது. ஜனம் கூடும் துணிக்கடைக்கும் படிக்கட்டுப் பக்கத்துக்கும் இதையே கேளுங்கள். கூடவே பைப்பையும் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) ஆக்குங்கள். நல்ல வயரைப் பிவிசி பைப்பில் இழுத்தால் பைப்பே புகையும். ஜிஐயில் ஒரு சர்க்யூட்டின் பேஸும் நியூட்ரலும் ஒரே பைப்பில்தான் போக வேண்டும். பிரித்தால் பைப் சூடாகும்.

பதில் 2 (எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசர்):
வயர் அளவும் இடிக்கிறது. பைப்புக்குள் 2.5 பிவிசி வயர் 30 டிகிரியில் 24 ஆம்பியர் தாங்கும். சுற்றுச்சூடு 40 டிகிரி என்றால் குறைப்பு 0.87, மூன்று சர்க்யூட் ஒரே பைப்பில் சேர்ந்து போவதற்கு 0.70. மூன்றையும் பெருக்கினால் 14.6 ஆம்பியர்தான். அதற்கு மேல் லோடு போனாலும் 16 ஆம்பியர் எம்சிபி (சர்க்யூட்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) ட்ரிப் ஆகாது, ஆனால் இன்சுலேஷன் வருஷக்கணக்கில் வெந்து கறுத்து உடையும். 4 சதுர மி.மீ. போட்டால் 19.5 கிடைக்கும்.

கேள்வி கேட்டவர்:
4 போட்டால் பட்ஜெட் ஏறுது அண்ணே. ஒவ்வொரு சர்க்யூட்டையும் தனிப் பைப்பில் விட்டால்?

பதில் 2:
தாராளமா. பைப்புகளுக்கு இடையே இடைவெளி விட்டால் 0.70 கணக்கு விழாது, 2.5-க்கே 20.9 ஆம்பியர். ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் தனி நியூட்ரல் மட்டும் கட்டாயம், பொதுவாக விடாதீர்கள்.

பதில் 3 (ஃபயர் சேஃப்டி):
ஃபயர் பம்ப், ஃபயர்மேன் லிஃப்ட், புகை வெளியேற்றும் ஃபேன், அலாரம்: இவற்றுக்கு சாதா ஆர்மர்டு கேபிள் கூடாது. தீயிலும் மின்சாரம் கடத்தும் ஃபயர் சர்வைவல் கேபிள் வேண்டும். பிஎஸ் 6387 என்ற பிரிட்டிஷ் தரத்தின் சிடபிள்யூஇசட் வகை என்றால் 950 டிகிரியில் 3 மணி நேரம் தாங்க வேண்டும். நீர்ச் சோதனையும் அதிர்வுச் சோதனையும் தனி. இதை நைலான் டையால் கட்டினால் டை உருகிக் கேபிள் தொங்கிவிடும். இரும்பு கிளாம்ப், இரும்பு ட்ரே போடுங்கள், நடுவில் ஜாயின்ட் வேண்டாம். ஸ்லாப் துளைகளை ஃபயர் சீலன்ட்டால் அடையுங்கள்.

பதில் 1:
ரைசருக்கு அலுமினிய எக்ஸ்எல்பிஇ (சூடு தாங்கும் ஒரு பிளாஸ்டிக் இன்சுலேஷன்) ஆர்மர்டு சரிதான், ஆனால் 3.5 கோர் வேண்டாம், 4 கோர் எடுங்கள். எல்இடி, கம்ப்யூட்டர் லோடில் மூன்றாம் ஹார்மோனிக் (மூன்று மடங்கு அதிர்வெண்) கரன்ட் மூன்று பேஸிலிருந்தும் நியூட்ரலில் கூடும், பாதி அளவு நியூட்ரல் வெந்துபோகும். பேனலின் செம்பு பஸ்பாரில் (கரன்ட் பிரியும் பட்டை) அலுமினியக் கேபிளை மாட்ட பைமெட்டல் லக் (அலுமினியமும் செம்பும் சேர்ந்த முனை) போடணும். எக்ஸ்எல்பிஇ 90 டிகிரி தாங்கும் என்று கேபிள் அளவைக் குறைக்காதீர்கள். எம்சிசிபி (பெரிய சர்க்யூட் பிரேக்கர்) டெர்மினல் 70 டிகிரிக்கானது என்றால் அந்தக் கணக்கில்தான் அளவெடுக்க வேண்டும்.

பதில் 2:
வயர் காயில் (சுருள்) வந்ததும் ஐஎஸ்ஐ குறியையும் சிஎம்/எல் (லைசென்ஸ்) எண்ணையும் பிஐஎஸ் கேர் ஆப்பில் பாருங்கள். 90 மீட்டர் 2.5 ஃப்ளெக்சிபிள் செம்பு வயரில் 20 டிகிரியில் ரெசிஸ்டன்ஸ் 0.72 ஓமுக்குள் இருக்க வேண்டும். மல்டிமீட்டர் போதாது, மில்லி ஓம் மீட்டர் கேளுங்கள். கூடினால் செம்பு குறைவு, காயிலைத் திருப்பி அனுப்புங்கள்.