கம்பியில்லா பூல் ரோபோ: தரைக்கு மட்டும் போதுமா, சுவரும் ஏற வேண்டுமா?

நீலத்தரை கேட்டது:

வீட்டு நீச்சல் குளம், சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம். நீளம் 8 மீட்டர், அகலம் 4. ஆழம் ஒரு முனையில் 1.2, மறுமுனையில் 1.5. கண்ணாடி மொசைக் டைல்ஸ், மணல் ஃபில்டர், முக்கால் எச்.பி. பம்ப். நிரப்புவது போர் தண்ணீர், கடினத்தன்மை அதிகம். குளோரினுக்கு பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றுகிறார்கள். குளத்தை ஒட்டி ஒரு வேம்பு, இரண்டு தென்னை. காற்றடித்தால் மணலும் வந்து விழும்.

இப்போது வாரம் இரண்டு முறை கையால் வேக்யூம் பிடிக்கிறோம். அதற்குப் பதிலாக பேட்டரி ரோபோ வாங்க நினைக்கிறேன். தரை மட்டும் சுத்தம் செய்யும் சின்ன ரகம் போதுமா, சுவர் ஏறும் ரகம் தேவையா? ஓடும் நேரம் 90 நிமிடம், 150 நிமிடம் என்று பெட்டியில் போடுவதை எவ்வளவு நம்பலாம்? 180 மைக்ரான் (0.18 மில்லிமீட்டர் துளை) ஃபில்டர் சரிவருமா? ரோபோவை எப்போதும் தண்ணீரிலேயே விட்டுவைக்கலாமா?

---

வடிமணல்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: விட்டுவைக்காதீர்கள். ஓடி முடிந்ததும் வெளியே எடுத்து, அலசி, நிழலில் வையுங்கள். சீல் ரப்பரும் பிரஷ்ஷும் குளோரின் தண்ணீரில் ஊறினால் கெட்டியாகி வெடிப்பு விடும்.

மாடல் பார்ப்பதற்கு முன் உங்கள் தரையில் கிடப்பது என்ன என்று பாருங்கள். வேக்யூம் குழாயின் வாயிலிருந்து ஒரு சொம்பு அழுக்குத் தண்ணீர் பிடித்து, வெள்ளை வாளியில் ஊற்றுங்கள். உடனே அடியில் படிந்து, விரலில் நறநறத்தால் மணல். வழுவழுவென்று பச்சையோ பழுப்போ வந்தால் செத்த பாசி. பால் மாதிரி கலங்கி, படிய நேரம் எடுத்து, கொஞ்சம் வினிகர் விட்டதும் தெளிந்தால் சுண்ணாம்பு. நீங்கள் சொல்லும் முறைக்கு மூன்றாவதும் கணிசமாக இருக்கும். பிளீச்சிங் பவுடரில் குளோரின் சுமார் 30-35 சதவீதம்தான். மீதியில் சுண்ணாம்பும் கால்சியம் உப்புகளும் உண்டு. 180 மைக்ரான் வலை மணலையும் வேப்பிலையையும் பிடிக்கும். சுண்ணாம்புத் தூளும் பாசியும் அதற்குள் புகுந்து பின்பக்கமாக வெளியேறிவிடும். ரோபோ போன தடத்தில் புகைபோல எழுந்தால் அதுதான் காரணம். அதற்காக ரோபோவைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆக, இரட்டை அடுக்கு ஃபில்டர் உள்ள மாடலாகப் பாருங்கள்: சருகுக்குப் பெருவலை, தூளுக்கு நுண்வலை. நுண்வலை சீக்கிரம் அடைபடும் என்பதால் முதல் சில நாட்கள் பாதி ஓட்டத்தில் எடுத்து அலசிவிட்டுத் திரும்பப் போட வேண்டிவரும். கூடவே பவுடர் பழக்கத்தையும் மாற்றுங்கள். உங்கள் குளம் சுமார் 43,000 லிட்டர். குளோரினை 1 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) ஏற்ற 43 கிராம் குளோரின் வேண்டும். பிளீச்சிங் பவுடர் என்றால் ஏறக்குறைய 135 கிராம். 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் என்றால் 66 கிராம், ஆனால் அதுவும் ஏற்கெனவே கடினமான தண்ணீரில் கால்சியத்தைக் கூட்டும். 10 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் (ஹைப்போ) திரவம் என்றால் 430 மில்லி, வண்டல் கிடையாது. உங்கள் தண்ணீருக்கு அதுவே பொருத்தம். வெயிலில் வீரியம் இறங்கிவிடும், ஒரு மாதத்துக்கு மேல் வாங்கி அடுக்காதீர்கள். பவுடரைத்தான் போடுவேன் என்றால் முந்தைய இரவே வாளியில் கரைத்து, காலையில் மேல் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். குளோரின் மாத்திரையையும் பவுடரையும் ஒரே டப்பாவில், ஒரே கரண்டியில் புழங்காதீர்கள். தீப்பிடிக்கும் சேர்க்கை அது.

இனி தரையா, சுவரா. கணக்கைப் பாருங்கள். தரை 8 × 4 = 32 சதுர மீட்டர். சுற்றளவு 24, சராசரி ஆழம் 1.35, சுவர் 32.4 சதுர மீட்டர். சுவர் என்பது உங்களுக்கு இன்னொரு முழுத் தரை. ஆனாலும் மண் விழுவது தரையில்தான், சுவரில் ஒட்டுவது பாசியும் எண்ணெய்ப் பிசுக்கும். வாரம் ஒரு முறை கைப்பிரஷ் போட ஆள் இருந்தால் தரை ரகமே போதும். ஆள் இல்லை என்றால் சுவர் ரகம்.

நிமிடக் கணக்கு பெரும்பாலும் தரையில் மட்டும் ஓடும்போது உள்ளது. சுவர் ஏறும்போது மின்சாரம் கூடுதலாக இழுக்கும். 150 நிமிடம் அப்படியே கிடைக்காது. இரண்டு வருடம் கழித்து பேட்டரியும் இளைக்கும். உங்கள் 64 சதுர மீட்டருக்கு விற்பவர் சொல்லும் பரப்பளவு குறைந்தது ஒன்றரை மடங்காவது இருக்கட்டும்.

வாங்குமுன் அளக்க வேண்டியது இன்னொன்று: தரையில் தண்ணீர் வெளியேறும் துளையின் (மெயின் டிரெயின்) மூடி. டைல்ஸ் மட்டத்துக்கு மேலே எவ்வளவு துருத்துகிறது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். சின்ன ரோபோவின் வயிறு தரையை ஒட்டியே போகும். மூடி மேல் வயிறு மாட்டி, சக்கரம் அந்தரத்தில் சுற்றிக்கொண்டே பேட்டரி தீரும்.

---

கேபிள்காரன்:

பேட்டரிதான் வேணும்னு ஏன் முடிவு பண்ணிட்டீங்க? குளத்துப் பக்கத்துல நனையாத இடத்துல பிளக் பாயிண்ட், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா உடனே வெட்டிவிடுற சுவிட்ச்) போட்டு இருந்துச்சுன்னா வயர் வச்ச மெஷினையும் ஒரு பார்வை பாருங்க. டிரான்ஸ்ஃபார்மர் வெளியவே நிக்கும். தண்ணிக்குள்ள போறது 24-30 வோல்ட் டி.சி. மட்டும்தான். ரெண்டு மணி நேரம் ஒரே வேகத்துல ஓடும், பேட்டரி மாத்துற செலவு கிடையாது.

லித்தியம் பேட்டரி பொதுவா 300-500 சார்ஜ் வரைக்கும் தெம்பா இருக்கும். வாரம் மூணு தடவைன்னா வருஷத்துக்கு 150 சார்ஜ். மூணு வருஷத்துல கணக்கு முடிஞ்சுடும். பல மாடல்ல பேட்டரி சீல் பண்ணி வச்சிருப்பாங்க, கழட்டினா வாட்டர்ப்ரூஃப் போச்சு. தனியா பேட்டரி கிடைக்குமா, எந்த ஊர்ல மாத்துவாங்கன்னு எழுத்துல வாங்கிட்டு அப்புறம் காசைக் கொடுங்க.

---

தென்னங்கீற்று:

கேபிள்காரன் சொல்வதில் பாதி சரி. வயர் முறுக்கிக்கொள்வதைப் பிரிக்க ஒருவர் எப்போதும் வேண்டும், அது மறந்துபோகிறது. குளக்கரையில் மின்சாரமே இல்லாத வீடுகளில் பேட்டரி ரகம் பாதுகாப்பானதும்கூட.

ஆனால் பேட்டரி தீர்ந்தால் ரோபோ ஆழத்தில் படுத்துவிடும். சுவரோரம் வந்து நிற்கிறதா, மேலே மிதக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். கொக்கியோடு கம்பு தருவார்களா, கொக்கி மட்டுமா என்றும் பாருங்கள். கொக்கி உங்கள் வேக்யூம் கம்பில் பொருந்த வேண்டும். தண்ணீர் நிறைந்த ரோபோ கம்பின் நுனியில் நல்ல கனம் கனக்கும். ஆப் வைத்து நிறுத்தலாம் என்று நினைக்காதீர்கள். வைஃபையும் புளூடூத்தும் தண்ணீருக்குள் இறங்காது. மேலே இருக்கும்போது மட்டும்தான் பேசும்.

---

நீலத்தரை:

எல்லோருக்கும் நன்றி. சுவர் ஏறும் ரகமே வாங்கியாகிவிட்டது, இரட்டை வலை. ஹைப்போ திரவத்துக்கும் மாறிவிட்டோம். தரை நன்றாக வருகிறது. மூன்று பிரச்சினைகள் மட்டும்:

சுவரில் பாதி ஏறிச் சறுக்கி விழுகிறது, சில நாள் ஏறவே முயல்வதில்லை. வெளியே தூக்கும்போது அடியிலிருந்து ஒரு கொத்து அழுக்கு திரும்பக் குளத்தில் கொட்டுகிறது. மூன்று வாரத்திலேயே ஓடும் நேரம் குறைந்த மாதிரி தெரிகிறது.

---

வடிமணல்:

மூன்றுக்கும் வேர் ஒன்றாகவே இருக்கலாம்: தண்ணீர் உள்ளே போய் வெளியே வரும் வழி அடைபட்டிருக்கிறது. ரோபோ சுவரில் நிற்பது சக்கரத்தின் பிடியால் மட்டுமில்லை. வயிற்றால் உறிஞ்சிய தண்ணீரை முதுகு வழியாகப் பீய்ச்சுகிறது, அந்த எதிர்விசைதான் அதைச் சுவரோடு சேர்த்து அழுத்துகிறது. பீய்ச்சல் தளர்ந்தால் ரோபோ கீழே வந்துவிடும். ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

நுண்வலையைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். அலசிய பிறகும் வெளிச்சம் மங்கலாகத் தெரிந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். தொட்டால் வழுக்கினால் தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெயும் சன்ஸ்கிரீனும். பாத்திரம் கழுவும் சோப்பில் மெதுவாகத் தேய்த்து, நுரை முழுக்கப் போகும்வரை அலசுங்கள். சொரசொரவென்று வெள்ளையாக இருந்தால் போர் தண்ணீரின் உப்பு. ஒரு பங்கு வினிகர், ஒரு பங்கு தண்ணீர் கலந்து அரை மணி நேரம் ஊறவையுங்கள். கழிப்பறை ஆசிட் பக்கமே போக வேண்டாம். வலையைக் காயவிட்டு அலசுவதும் தப்பு. ஈரத்தில் ஒரு பீய்ச்சில் போகும் அழுக்கு காய்ந்தால் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்து முதுகுத் துளை. ரோபோவை அணைத்துவிட்டு, சார்ஜர் மாட்டாத நிலையில், டார்ச் அடித்து உள்ளே விசிறியைப் பாருங்கள். வேப்பிலைக்கு நடுவில் ஓடும் ஈர்க்கு அங்கே குறுக்கே சிக்கும், ஃபில்டர் கூடை சரியாக உட்காராத நாளில் இன்னும் சுலபமாக. சாமணத்தால் இழுத்தால் வரும். சக்கர அச்சிலும் பிரஷ் முனையிலும் தலைமுடி சுற்றியிருக்கும், அதையும் வெட்டி எடுங்கள். மோட்டார் திணறினால் மின்சாரம் கூட இழுக்கும். ஓடும் நேரம் குறைந்ததற்கு பேட்டரியைச் சந்தேகிக்கும் முன் இதைப் பாருங்கள்.

மூன்றாவது, இறக்கும் விதம். அப்படியே போட்டால் உள்ளே காற்று தங்கும். காற்று இருந்தால் ரோபோ லேசாகி, சக்கரம் தரையில் பதியாது. தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்து, இடப்பக்கம், வலப்பக்கம், பிறகு மூக்கு மேலே என்று சாய்த்துக்கொண்டே இருங்கள். முதலில் குபுகுபுவென்று வரும் குமிழி, பிறகு ஒன்றிரண்டாக வந்து நிற்கும். நின்ற பிறகு கையை விடுங்கள். தானாக, கிடைமட்டமாக மூழ்கினால் சரி. ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு போனால் இன்னும் காற்று இருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் சறுக்கினால் சுவரைத் தடவிப் பாருங்கள். வழுக்கினால் கண்ணுக்குத் தெரியாத பாசிப் படலம். நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, குளோரினை உயர்த்தி ஒரு இரவு பம்பை ஓடவிடுங்கள். அந்த நேரத்தில் ரோபோ குளத்தில் இருக்கக் கூடாது. குளோரின் 3 பி.பி.எம்.முக்கு இறங்கிய பிறகு விடுங்கள். பி.எச். (தண்ணீரின் அமில-கார அளவு) 7.2-7.6க்குள் இருந்தால் குளோரின் வேலை செய்யும். போர் தண்ணீரில் அது ஏறிக்கொண்டே போகும், வாரம் இரண்டு முறை பாருங்கள். கண்ணாடி மொசைக்கில் சாதா ரப்பர் பிரஷ் வழுக்கும் என்பதும் உண்மை. உங்கள் மாடலுக்கு பி.வி.ஏ. ஸ்பாஞ்ச் பிரஷ் கிடைத்தால் மாற்றுங்கள். காய்ந்தால் அது கட்டைபோல் இறுகும், ஓட்டுமுன் பத்து நிமிடம் ஊறட்டும்.

அழுக்கு கொட்டுவது தனிக்கதை. உறிஞ்சும் வாயில் ஒரு மெல்லிய மடல் இருக்கும். உள்ளே இழுக்கும்போது திறக்கும், நின்றதும் தானாக மூடிக்கொள்ள வேண்டும். மணல் ஒன்றோ சருகுத் துண்டோ அதன் கீலில் உட்கார்ந்தால் மூடாது. விரலால் தள்ளி விட்டுப் பாருங்கள், தொய்யாமல் திரும்ப வேண்டும். தூக்கும்போதும் படக்கென்று இழுக்காமல், தண்ணீர்மட்டத்தில் பத்துப் பதினைந்து விநாடி பிடித்து வடியவிட்டுத் தூக்குங்கள்.

---

தென்னங்கீற்று:

ஓட்டும் நேரத்தையும் மாற்றிப் பாருங்கள். சாயங்காலம் பம்பை நிறுத்தினால் இரவில் தூள் படியும். காலை 6 மணிக்கு ரோபோவை விட்டு, எடுத்த பிறகு பம்ப் போடுங்கள். பம்ப் ஓடும்போதே விட்டால் ஃபில்டரிலிருந்து குளத்துக்குத் திரும்பிப் பாயும் ரிட்டர்ன் ஜெட் தண்ணீர் தூளைக் கிளப்பும், சுவரில் நிற்கும் ரோபோவையும் தள்ளும். ஆகாயம் கலங்கலாக இருந்த மறுநாள், அதாவது மழைக்கும் புழுதிக் காற்றுக்கும் பிறகு, முதலில் பெரிய சருகை வலைக்கரண்டியால் எடுத்துவிடுங்கள். தென்னம்பூவும் குரும்பையும் கூடையை ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிடும்.

படிக்கட்டை மட்டும் ரோபோவிடம் எதிர்பார்க்காதீர்கள்.

---

கேபிள்காரன்:

பேட்டரி வாங்கிட்டீங்க, சரி, அதைக் காப்பாத்துற வழி: வெயில்ல ஓடி வந்த சூட்டோட சார்ஜ் போடாதீங்க, நிழல்ல அரை மணி நேரம் ஆறட்டும். சார்ஜ் ஊசியை நல்ல தண்ணில அலசி, துணியால ஒத்தி, முழுசா காஞ்ச பிறகுதான் மாட்டணும். கடல் காத்துல ஈரத்தோட மாட்டினா ஊசி பச்சை பூத்துடும், அப்புறம் சார்ஜ் ஏறுற மாதிரி லைட் எரியும், ஏறாது. பல பேர் பேட்டரி செத்துப்போச்சுன்னு நினைக்கிறது இதைத்தான். மே மாசம் குளத்துத் தண்ணி 35 டிகிரியைத் தொட்டா பல மாடலோட மேனுவல்லயே ஓட்டாதேன்னு இருக்கும், பார்த்துக்கோங்க.

மழைக்காலத்துல ஒரு மாசம் மூடி வைக்கிறதா இருந்தா பாதி சார்ஜ்ல வைங்க, முழுசாவும் வேண்டாம், காலியாவும் வேண்டாம். அதுக்கு மேல நீண்டா மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஏத்திக்கணும். ஒரேயடியா வடிஞ்சுட்டா சார்ஜர் அதை எழுப்பாது.

பெட்டியைத் தூக்கிப் போட்டுடாதீங்க. வாரண்டிக்கு அனுப்புறப்போ லித்தியம் பேட்டரி உள்ள சாமான்னு கூரியர்ல கேள்வி கேப்பாங்க. பழுதான பேட்டரியை விமானத்துல ஏத்த மாட்டாங்க, லாரிலதான் போகும்.

---

நீலத்தரை:

மடலின் கீலில் ஒரு வேப்பங்கொட்டை இருந்தது. எடுத்ததும் கொட்டுவது நின்றுவிட்டது. வலையில் வெள்ளை உப்பும் இருக்கிறது, வினிகரில் போட்டிருக்கிறேன். சுவர் ஏறுகிறதா என்று நாளைக் காலை பார்த்துவிட்டு எழுதுகிறேன்.