9 அடி பூல் மேசை: குஷனில் பட்டதும் பந்து துள்ளுகிறது

மூன்று துண்டு ஸ்லேட் (தளமாக இருக்கும் கற்பலகை) மேசை. போன மாதம் ஓரங்களில் புது கே-66 வகை குஷன் ரப்பர் ஒட்டியதிலிருந்து, வேகமாக அடித்தால் பந்து குஷனில் பட்டுத் துள்ளித் திரும்புகிறது. மெதுவாக அடித்தால் ஒன்றுமில்லை. ஆறு ரெயிலிலும் (குஷன் ஒட்டிய ஓர மரச் சட்டம்) இதே கதைதான்.

ஸ்லேட் மட்டம் பார்த்தாயிற்று, ரெயில் போல்ட்டெல்லாம் இறுக்கியாயிற்று, துணியையும் மறுபடி இழுத்துக் கட்டியாயிற்று. பலனில்லை. பூல் பந்து 57.15 மி.மீ. பாக்கெட் இல்லாத பில்லியர்ட்ஸ் மேசையின் 61.5 மி.மீ. பந்தைப் போட்டால் இன்னும் மோசம், 52.5 மி.மீ. ஸ்னூக்கர் பந்தோ சமர்த்தாக ஓடுகிறது! குஷன் மூக்கு (பந்து படும் முனை) ஸ்லேட்டிலிருந்து 35 மி.மீ. உயரத்தில் நிற்கிறது. பூல் பந்தின் விட்டத்தில் 63.5% என்ற கணக்குப்படி 36.3 வர வேண்டும்.

ரெயிலுக்கு அடியில் 1.3 மி.மீ. தகடு கொடுத்து உயர்த்தினால் போதுமா, இல்லை ரப்பரைப் பிரித்து மரத்தின் சரிவையே மறுபடி சீவ வேண்டுமா?