வெளிநாட்டில் வீட்டோடு தங்கி முழுநேரத் தொண்டு: போய் வந்தவர்கள் எழுதுங்கள்

செம்பனைக்காடு எழுதியது:

மலேசியாவில் நம் சுங்கை சிப்புட்டிலிருந்து இப்படிப் போனவர்கள் இங்கே நாலைந்து பேராவது இருப்பீர்கள். என்னைக் குடைந்துகொண்டிருப்பதை முதலில் எழுதிவிடுகிறேன்.

ஸ்காட்லாந்தில் கேம்ப்ஹில் மாதிரியான ஒரு வீடு. மனவளர்ச்சி குன்றிய பெரியவர்களும் நம்மைப் போன்ற தொண்டர்களும் ஒரே கூரைக்குக் கீழே. விசா, இன்டர்வியூ எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான், விடுங்கள். ஜனவரியில் போய் இறங்கினேன். மறுநாள் காலையில் பசியாற உட்கார்ந்தோம். எனக்கு எதிரே ஒருவர், ஐம்பது வயதைத் தாண்டியவர், டவுன் சின்ட்ரோம் உள்ளவர். ரொட்டியில் ஒரு மூலை விடாமல் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். என் பெயரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை. "நீ எப்போது போகிறாய்?" என்றுதான் கேட்டார். டிசம்பர் என்றேன். எழுந்து போய்ச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரை எடுத்து வந்து, டிசம்பர் பக்கத்தைத் திருப்பி, பேனாவை என் கையில் கொடுத்தார். பெயரின் முதல் எழுத்தைப் போடச் சொன்னார். போட்டேன். ஆகஸ்ட் பக்கத்தில் ஏற்கெனவே மூன்று எழுத்துகள் இருந்தன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு கையெழுத்தில். சரிபார்த்துவிட்டு மறுபடி ரொட்டிக்குப் போய்விட்டார்.

அவர் அந்த வீட்டில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறார். நாம் ஒரு வருடம் போகிறோம், அவருக்கு வருடா வருடம் வீட்டில் பாதிப் பேர் மாறுகிறார்கள். போவதற்கு முன் குளிர் எப்படி, சாப்பாடு எப்படி என்றுதான் நான் விசாரித்தேன். அங்கே இருப்பவருக்கு நான் யார் என்பதை எந்த விளக்கக் கூட்டத்திலும் யாரும் சொல்லவில்லை.

லிந்தாங் ரோடு எழுதியது:

அக்கா, அப்படியென்றால் ஒரு வருடத்துக்குப் போவதே தப்பு என்றுதான் எனக்குப் படுகிறது. இரண்டு வருடமாவது இருக்க முடியாதவர்கள் போகக்கூடாது.

நான் இருந்தது ஜெர்மனியில், இதே மாதிரி வீடு. சாப்பாடு, அறை, கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம், இன்சூரன்ஸ். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஓய்வு நாள் என்ற ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சமையலறை அட்டவணையில் என் பெயருக்கு நேரே கோடு போட்டிருக்கும். அறை மட்டும் அதே தாழ்வாரத்தில், அந்த வீட்டில் வாழ்பவர்கள் அறைக்குப் பக்கத்திலேயே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் ஓய்வு நாள். கதவுக்கு வெளியே மூச்சுச் சத்தம் கேட்டது. பேச்சு வராத ஒரு பையன், நான் தினமும் நடக்கக் கூட்டிப் போகிறவன், தன் காலணி இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு கதவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருக்கிறான். தட்டவில்லை. எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருந்தான் என்று தெரியாது. கூட்டிக்கொண்டு போனேன். திரும்பி வந்ததும் வீட்டுப் பொறுப்பாளர் தனியே கூப்பிட்டு, "இன்று நீ கதவைத் திறந்தால், அடுத்த வாரம் திறக்காத இன்னொருவர் கதவுக்கு முன்னாலும் இப்படித்தான் உட்காருவான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் சொன்னது சரியா, நான் செய்தது சரியா என்று இன்றுவரை என்னால் முடிவு கட்ட முடியவில்லை.

பழைய கலாசாலை எழுதியது:

தம்பி, இரண்டு வருடம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதே. நான் எங்கும் போனவன் இல்லை. ஆனால் நம் பக்கத்துக்கு வந்தவர்களைப் பார்த்தவன். அமெரிக்க அரசு அனுப்பும் பீஸ் கோர் தொண்டர்கள் 1962-லிருந்து 1983 வரை இந்த நாட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் இரண்டு வருடக் கணக்குதான். நான் படித்த இடைநிலைப்பள்ளிக்கு ஒருவர் வந்தார், அறிவியல் சொல்லிக் கொடுக்க.

பள்ளியின் பின்பக்கத்தில் நாற்காலி மேசை போட்டு வைத்திருந்த ஸ்டோர் ரூமைக் காலி செய்து, சன்னலுக்குக் கறுப்புத்துணி அடித்து, போட்டோ கழுவும் இருட்டறையாக்கினார். தோட்டத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் மாலையில் அதற்குள்ளேயே கிடப்போம். மருந்துத் தண்ணீருக்குள் கிடந்த வெள்ளைத்தாளில் என் அம்மாவின் முகம், ரப்பர் பால்வாளியோடு, மெல்ல மெல்ல மேலே வந்ததை அந்தச் சிவப்பு விளக்கில் பார்த்தேன். அம்மாவை எடுத்த முதல் படம் அதுதான்.

அவர் போனார். சாவி ஆபீசில் தொங்கியது, அறை அப்படியே இருந்தது, தட்டுகள் இருந்தன. மருந்து எங்கே வாங்குவது, எந்த அளவில் கலப்பது என்று எங்கள் வாத்தியார்கள் ஒருவருக்கும் அவர் காட்டிக் கொடுக்கவில்லை. பிறகு மறுபடியும் அது ஸ்டோர் ரூம் ஆகிவிட்டது. போகிற பிள்ளைகள் எத்தனை மாதம் வேண்டுமானாலும் இருங்கள். கிளம்புமுன் அந்த ஊர்க்காரர் ஒருவருக்குக் கைமாற்றிவிட்டு வாருங்கள்.

கமிரி பையன் எழுதியது:

நான் ஆரோவில் பக்கம் மரம் நடும் ஓர் இடத்தில் இருந்தேன். ஓலைக்கூரை, பொதுக் கழிப்பறை, விடியுமுன் எழுந்து குழி வெட்டும் வேலை. நன்றாகவே போனது. நெருடலாக இருப்பது சென்னையில் இறங்கியபோது நடந்தது. குடிநுழைவு அதிகாரி என்னை வரிசையிலிருந்து ஒதுக்கி நிறுத்தி, கையிலிருந்த அழைப்புக் கடிதத்தை வரி வரியாகப் படித்தார். பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். விட்டுவிட்டார், ஆனால் அந்த நேரம் வயிற்றைக் கலக்கியது.

அதனால் யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன், தயவுசெய்து விசாவில் விளையாடாதீர்கள். 'சம்பளம் இல்லையே, சுற்றுலா விசா போதும்' என்று நம் ஆட்கள் நிறையப் பேர் நினைக்கிறார்கள். பிரிட்டனில் வருகையாளராகப் போனால் பதிவு பெற்ற அறநிலையத்தில் (சாரிட்டி) மொத்தம் 30 நாள் வரைதான் தொண்டு செய்யலாம். அதற்கு மேல் தங்க, தொண்டு ஊழியருக்கென்றே தனி விசா இருக்கிறது, அதிகபட்சம் 12 மாதம். அந்த அறநிலையம் முதலில் உங்களுக்கு ஸ்பான்சர் சான்று தர வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் தங்குவதென்றால் மலேசியர்கள் காசநோய்ச் சோதனை எடுத்தாக வேண்டும், மருத்துவக் கட்டணத்தையும் முன்கூட்டியே கட்ட வேண்டும். அதை யார் கட்டுவது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இந்தியாவின் மின்-சுற்றுலா விசாவில் சம்பளமில்லாத தொண்டு ஒரு மாதம் வரைதான். நியூசிலாந்தில் பண்ணையில் வேலை செய்து சாப்பாடும் படுக்கையும் வாங்கினால் அதையே கூலியாக எடுத்துக்கொள்வார்கள், வேலை செய்ய அனுமதி உள்ள விசா வேண்டும். அப்புறம் பிடிபிடிஎன் கல்விக்கடன் இருந்தால், போகுமுன் தவணைக்கு ஒரு வழி செய்துவிட்டுப் போங்கள். ஈபிஎஃப் சேமநிதியில் அந்த வருடம் முதலாளி பங்கு விழாது, முடிந்தால் நீங்களே கொஞ்சம் போடுங்கள். திரும்பும் டிக்கெட்டுக்கு உள்ள பணத்தை அப்பா அம்மா கணக்கில் வைத்துவிட்டுப் போங்கள், உங்கள் கையில் வேண்டாம்.

சாலாக் வாசி எழுதியது:

விசா சரியாக இருந்தால் மட்டும் போதுமா? நான் போனது கம்போடியாவில் ஒரு பிள்ளைகள் இல்லம். வாரக்கணக்கில் தொண்டர்கள் வருவார்கள், கட்டணமும் கட்டுவார்கள். கேட்டைத் திறந்ததுமே ஒரு பெண் குழந்தை ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டது. உருகிப் போனேன். மறுநாள் வேறு யாரோ வந்தபோதும் அதே ஓட்டம், அதே பிடி.

ஒரு நாள் மாலை ஒரு மோட்டார் சைக்கிள் வந்து வேலிக்கு வெளியே நின்றது. கால்சட்டை முழுக்க வயல் சேறு. அந்தக் குழந்தை வேலிக் கம்பி வழியே விரலை நீட்டியது, அவர் பிடித்துக்கொண்டார். தகப்பன். படிப்புக்காக இங்கே விட்டிருக்கிறார். அந்த நாட்டில் இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருப்பதை அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். நாம் கட்டும் பணத்தில் அந்தக் குடும்பம் பிள்ளையை வீட்டில் வைத்தே படிக்க வைத்திருக்கும்.

லிந்தாங் ரோடு தம்பிக்கு: அக்கா இருந்தது பெரியவர்கள் வாழும் வீடு. அங்கே ஒரு வருடம் என்றாலும் ஒழுங்கான வருடம். ஒரு வருடமா இரண்டு வருடமா என்று அதோடு சண்டை போடுவதைவிட, இந்த மாதிரி இல்லங்களுக்குப் போகாதீர்கள் என்று சொல்லுங்கள்.

லிந்தாங் ரோடு எழுதியது:

நான் சண்டை போடவில்லை. அந்தக் காலண்டரைப் படித்ததும் எனக்குத் தாங்கவில்லை, அவ்வளவுதான். பிள்ளைகள் இல்லம் பற்றி நீங்கள் சொல்வதை முழுக்க ஏற்கிறேன்.

எஸ்டிபிஎம் முடிச்சாச்சு எழுதியது:

அயர்லாந்தில் ஓர் இடத்தில் என்னை எடுத்திருக்கிறார்கள். அம்மா விடமாட்டேன் என்கிறார். 'சம்பளமில்லாமல் அடுத்தவர் வீட்டில் பாத்திரம் கழுவவா படிக்க வைத்தேன்' என்று அழுகிறார். என்ன சொல்வது?

செம்பனைக்காடு எழுதியது:

தங்கச்சி, அம்மா கேட்பதில் நியாயம் இருக்கிறது. தோட்டத்தில் அடுத்தவருக்கு உழைத்தே தலைமுறை போன வீடுகள் நம்முடையவை. பாத்திரம் கழுவுவாய், குளிப்பாட்டுவாய், இரவில் வலிப்பு வந்தால் எழுந்து ஓடுவாய். அதை மறைக்காமல் அம்மாவிடம் சொல். அழகான படங்களைக் காட்டி அனுமதி வாங்காதே.

அதற்கு முன் அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் எழுது. வாரத்துக்கு எத்தனை மணி நேரம், இரவுப் பொறுப்பு உண்டா, வலிப்பு வந்தால் என்ன செய்வதென்று பயிற்சி தருவார்களா, ஓய்வு நாளில் வீட்டை விட்டு வெளியே தங்க வேறு இடம் இருக்கிறதா, நடுவில் முடியாமல் போனால் திரும்பும் செலவு யாருடையது. முன்பு அங்கே இருந்த ஒருவரோடு பேச வைக்கச் சொல், முடிந்தால் அம்மாவும் பக்கத்தில் உட்காரட்டும். நீ போகும் தேதி அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு எப்படிச் சொல்லப்படும் என்பதையும் கேள். பதில் வந்ததும் இங்கே போடு, எல்லோரும் பார்த்துச் சொல்கிறோம்.