குழந்தைகள் இதயவியலில் ‘ஆய்வுப் பயில்வு’: ஒரு முன்மொழிவு

கலைச்சொல் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

குழந்தைகள் இதயவியல் பயிலும் மருத்துவர்கள் வழிகாட்டி ஒருவரின்கீழ் மேற்கொள்ளும் ரிசர்ச் ஃபெல்லோஷிப்புக்குத் தமிழில் ‘ஆய்வு நல்கை’, ‘ஆராய்ச்சிப் பயிற்சி’ என்னும் சொற்கள் இங்கே முன்வைக்கப்பட்டன. இரண்டையும் என்னால் ஏற்க இயலவில்லை. நல்கை என்பது கைக்கு வரும் பணம். பயிற்சி என்றால் சில நாள் பட்டறையும் ஒரு சான்றிதழும்தாம் நினைவுக்கு வருகின்றன.

பிறவி இதயக் குறைபாடு 1000 குழந்தைகளில் ஏறத்தாழ 8 பேருக்கு இருந்தாலும், அது பல வகைகளாகப் பிரிந்துவிடுவதால், ஒரே வகைக் குறைபாடு உடையவர்கள் ஆய்வுக்குப் போதிய எண்ணிக்கையில் ஒரு மருத்துவமனையில் கிடைப்பது அரிது. சிகிச்சையின் விளைவும் உடனே தெரிவதில்லை. இதயத்தின் வலப்புற அறைகளுக்கு இடையிலுள்ள மூவிதழ் வால்வு உருவாகாமல் பிறந்தவர்களுக்கென ஃபான்டன் அறுவை சிகிச்சை 1968இல் பிரான்சின் போர்தோ நகரில் தொடங்கப்பட்டது. அதைச் செய்துகொண்டவர்களுக்குக் கல்லீரல் நாளடைவில் கெடுகிறது என்பது பல ஆண்டுகள் கழித்தே தெளிவாயிற்று. ஆகவே கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் கைக்குழந்தையோடு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு வரும் பெற்றோரிடம் ஆய்வின் நோக்கத்தை அவர்கள் பேச்சிலேயே விளக்குவதும், அந்தக் குழந்தை வளர்ந்து ஆளாகும்வரை தொடர்பு அறாமல் பதிவேட்டைப் பேணுவதும், பிற மருத்துவமனைகளின் பதிவுகளோடு அதைப் பொருத்திப் பார்ப்பதும் இம்மருத்துவர்கள் பழகிப் பழகியே கற்கவேண்டியவை. புள்ளியியல் வகுப்பு மட்டும் இதற்குப் போதாது.

‘நவில்தொறும் நூல்நயம் போலும் பயில்தொறும்’ என்னும் குறளில் பயில்தல் பழகுதலைக் குறிக்கிறது. அப்பொருளை நம்பியே ‘ஆய்வுப் பயில்வு’ என்பதை முன்மொழிகிறேன். மேற்கொள்பவர் ‘ஆய்வுப் பயில்நர்’. இதையே ‘பயிலாய்வு’ என்று இன்னும் சுருக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அதை முதன்முறை காண்பவர் ‘பயிலா’ என்று பிரித்து எதிர்மறையாகப் படித்துவிடுவார்.

இதோடு சேர்த்து முடிவு செய்யவேண்டிய சொல்லிணை ஒன்றும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, 7 வயது நிறைந்த குழந்தையை ஆய்வில் சேர்க்கப் பெற்றோரின் சம்மதத்தோடு அக்குழந்தையின் விருப்பத்தையும் கேட்டறிய வேண்டும். சட்டப்படி பெற்றோர் தருவதை ‘ஒப்புதல்’ என்றும் குழந்தை தருவதை ‘இசைவு’ என்றும் பிரித்து வழங்கலாம். படிவங்களில் இரண்டுக்கும் ஒரே சொல்லை இட்டால் குழந்தையின் குரல் விடுபட்டுப்போகும் என்று அஞ்சுகிறேன். மருத்துவத் துறையிலுள்ள உறுப்பினர்கள் இவ்விணையைக் குறித்து எழுதினால், நம் கலைச்சொல் பட்டியலில் சேர்க்குமுன் திருத்திக்கொள்ளலாம்.