கறுத்த பணித் தேனீக்கள் கார்னியோலன் இனமா?

கேள்வி (பாலக்கோடு):
வணக்கம். மாந்தோப்பில் வைத்துள்ள இத்தாலியத் தேனீப் பெட்டிகளில் ஒன்றில், மஞ்சள் பட்டை மங்கிச் சாம்பலும் கறுப்புமாகத் தெரியும் பணித் தேனீக்கள் பெருகி வருகின்றன. பெட்டி விற்றவர் அது கார்னியோலன் இனம் என்றும், அதன் ராணிக்குத் தனி விலை என்றும் சொல்கிறார். பக்கத்துத் தோட்டத்துக்காரரோ நம் அடுக்குத் தேனீயுடன் கலந்துவிட்டது என்கிறார். அந்த ராணிகளைக் கூடுதல் விலைக்கு வாங்கலாமா?

பதில் 1 (தேன்கனிக்கோட்டை):
ஐயா, அடுக்குத் தேனீயுடன் கலந்திருக்க வழியே இல்லை. அது செரானா என்னும் வேறு இனம். உங்களிடம் உள்ளது மெல்லிஃபெரா. இவை இரண்டும் இணைந்தாலும் பிழைக்கும் சந்ததி உண்டாகாது. இத்தாலியம், கார்னியோலன், காக்கேசியன் ஆகியவை மெல்லிஃபெராவின் உட்பிரிவுகள் என்பதால் தமக்குள் தாராளமாகக் கலக்கும். கன்னி ராணி வெளியே பறந்து பத்துக்கும் மேற்பட்ட ஆண் தேனீக்களுடன் இணைவதால், ஒரே பெட்டியில் மஞ்சளும் கறுப்பும் சேர்ந்தே பிறக்கலாம். இத்தாலியத் தேனீயிலேயே நிறம் அடர்ந்தவை உண்டு. ஆகவே ஆய்வாளர்கள் முன்சிறகின் நரம்பமைப்பையும் நாக்கின் நீளத்தையும் அளந்தோ, மரபணுவைப் பார்த்தோதான் உட்பிரிவைத் தீர்மானிக்கிறார்கள்.

கார்னியோலனின் தாயகம் ஸ்லோவேனியாவும் அதை அடுத்த பகுதிகளும். நீண்ட குளிர்காலத்தில் சிறு கூட்டமாகச் சுருங்கி, சேமித்த தேனைச் சிக்கனமாக உண்டு, வசந்தத்தில் மகரந்தம் வரத் தொடங்கியதும் மளமளவெனப் பெருகுவது அதன் இயல்பு. இடம் போதாவிட்டால் உடனே கூட்டம் பிரிந்துவிடும். இத்தாலியத் தேனீயோ பூ குறைந்த காலத்திலும் புழு வளர்ப்பை அவ்வளவாகக் குறைக்காது. அதனால் தேன் விரைவில் கரையும். 1962இல் இன்றைய இமாச்சலப் பிரதேசத்தின் நக்ரோட்டாவில் கொண்டுவந்து நிலைபெறச் செய்ததும் இந்த இத்தாலிய இனத்தைத்தான்.

நீங்கள் வாங்கும் ராணி தூய கார்னியோலனாகவே இருந்தாலும், அதன் மகள் ராணி சுற்றுவட்டாரத்து இத்தாலிய ஆண் தேனீக்களுடன்தான் இணையும். அடுத்த தலைமுறையிலேயே கலந்துபோகும் இனத்துக்கு அந்த விலை தகாது என்பது என் உறுதியான கருத்து.

பதில் 2 (அஞ்செட்டி):
மேலே சொன்னதை ஏற்கிறேன். விற்பவரிடம் ராணி எங்கே, எந்த ஆண் தேனீக்களுடன் இணைந்தது என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் இனப்பெயருக்காகப் பணம் கொடுக்க வேண்டாம். மாவும் புங்கனும் புளியும் பூத்து ஓய்ந்தபின், மழைக்காலத்தில் பெட்டியைப் பின்புறமாகச் சற்றே தூக்கிப் பாருங்கள். கனம் குறையாமல், அமைதியாக, நோயின்றி இருக்கும் கூட்டத்திலிருந்து, அது கறுப்போ மஞ்சளோ, அடுத்த ராணியை வளர்த்துக்கொள்ளலாம். கனம் குறைந்த பெட்டிக்குச் சர்க்கரைப் பாகு வைப்பதானால் மாலையில், பெட்டிக்குள்ளேயே வைத்து, வாசலையும் குறுக்கிவிடுங்கள். இத்தாலியத் தேனீக்கள் அடுத்த பெட்டியைக் கொள்ளையடிப்பதில் மிகத் தீவிரமானவை.