கன்னங்குறிச்சி குடும்பம்: போல்ட் பஞ்சாயத்து

கார்த்தி: மாமா, அப்பாவின் பழைய வண்டி போல்ட்டுகளுக்கு வீட்டிலேயே ஜிங்க் பிளேட்டிங் (கரண்ட் விட்டு ஏற்றும் துத்தநாகப் பூச்சு) போட்டேன். போட்டோ பாருங்கள். விளிம்பெல்லாம் கறுத்து, விரலால் தேய்த்தால் மாவாக உதிர்கிறது.

செல்வம் மாமா: கரண்ட் எங்கிருந்து எடுத்தாய் மாப்ளே?

கார்த்தி: பேட்டரி சார்ஜர், 12 வோல்ட். மீட்டரில் 6 ஆம்பியர் காட்டியது.

செல்வம் மாமா: கருகாமல் என்ன செய்யும்! 8 எம்எம் போல்ட் ஆறுதானே, மொத்தப் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் இருக்கும். அதற்கு 2 ஆம்பியரே தாராளம். 21 வாட் பிரேக் லைட் பல்பு ஒன்றை வயருக்கு நடுவில் தொடராக மாட்டு, தானாக அடங்கும். ஜிங்க் தகட்டை இரண்டு பக்கமும் தொங்கவிடு.

அம்மா: டேய், போட்டோவில் இருப்பது என் சாம்பார் டபராதானே?

கார்த்தி: புதிது வாங்கித் தருகிறேன் அம்மா.

செல்வம் மாமா: அது இனி அடுப்படிக்கு வேண்டாம் அக்கா.

கார்த்தி: இரண்டு போல்ட் நன்றாக வந்தன மாமா. ஏற்காட்டுப் பனிக்கு வெறும் ஜிங்க் வெள்ளை பூக்கும் என்பீர்களே, அதனால் ஜிங்க்கின் மேல் காப்புப் படலம் போடும் கரைசலான மஞ்சள் பாஸிவேஷனில் முக்கினேன். பளபளவென்று வந்தது. துணியால் துடைத்ததும் நிறம் துணியோடு போய்விட்டது.

செல்வம் மாமா: ஈரத்தில் அது பாலாடை மாதிரி, தொட்டால் கிழியும். அலசிவிட்டு நிழலில் தொங்கவிடு, 24 மணி நேரம் கை வைக்காதே. ஹேர் டிரையரும் வேண்டாம், 60 டிகிரி தாண்டினால் படலம் வெடித்துப் பயனில்லாமல் போகும். ஆனால் அந்த மஞ்சளை இத்தோடு விடு. அது ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் தரும். மூன்று இணைதிறன் நீல பாஸிவேஷன் வாங்கு.

கார்த்தி: சரி மாமா. பிரேக் பக்கத்து போல்ட்டையும் போடலாமா?

செல்வம் மாமா: தலையில் 10.9 என்று இருந்தால் அது அதிக வலிமையுள்ள போல்ட், தொடாதே. ஆசிட்டில் கழுவும்போதும் பிளேட்டிங்கிலும் இரும்புக்குள் ஹைட்ரஜன் ஏறிக்கொள்ளும். இறுக்கி வைத்த பிறகு, பார்க்க நன்றாக இருக்கும்போதே ஒருநாள் பட்டென்று முறியும். அந்த ஹைட்ரஜன் வெளியேறத்தான் பட்டறையில் பிளேட்டிங் முடிந்த கையோடு 200 டிகிரி அடுப்பில் மணிக்கணக்கில் வைப்போம். அப்புறம், அந்த மஞ்சள் கரைசலைச் சாக்கடையில் ஊற்றாதே. மூடி வை, சுத்திகரிப்புத் தொட்டி இருக்கிற பட்டறையில் நான் சேர்த்துவிடுகிறேன்.

அம்மா: பின்கட்டில் வாளியில் இருந்ததா? மஞ்சள் தண்ணீர் என்று வாசல் தெளிக்கத் தூக்கினேன். வாடை ஒரு மாதிரி இருந்ததால் வைத்துவிட்டேன்.

செல்வம் மாமா: கை பட்டதா அக்கா? முதலில் சோப்பு போட்டுக் கழுவுங்கள். நான் கிளம்பிவிட்டேன்.