ஆடிப்பெருக்கு வாரம் சான் பிரான்சிஸ்கோவில் நாலு நாள்: கார் எடுக்கலாமா, வேண்டாமா?

அரசலாறு (கும்பகோணம்):

எல்லோருக்கும் வணக்கம். நானும் ஒண்ணாங்கிளாஸிலிருந்து கூடப் படித்த நண்பனும் சான் பிரான்சிஸ்கோ போகிறோம். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வழியாக டிக்கெட் போட்டாச்சு. வியாழக்கிழமை காலையில் இறங்கி ஞாயிறு ராத்திரி கிளம்புகிறோம். அந்த ஞாயிறு ஆகஸ்ட் மாதத்தின் முதல் ஞாயிறு.

நண்பனுக்கு முழங்கால் தேய்மானம். சமதரையில் ஒரு மணி நேரம் தாராளமாக நடப்பான், படி இறங்குவதுதான் சிரமம். நான் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. அவன் எல்லாம் சாப்பிடுவான்.

கார் வாடகைக்கு எடுத்தால் அவன் காலுக்குச் சௌகரியம் என்று தோன்றுகிறது, ஆனால் வேண்டாம் என்கிறவர்களும் இருக்கிறார்கள். எந்தப் பக்கம் ரூம் போடலாம்? கோல்டன் கேட் பாலத்துக்கு எந்த நேரம் போனால் பாலம் கண்ணில் படும்? பழைய சிறை இருக்கும் அல்கட்ராஸ் தீவுக்கு அங்கே போய் டிக்கெட் வாங்கிக்கொள்ளலாமா? வெயில் காலம் என்பதால் பருத்திச் சட்டைகள்தான் எடுத்துவைத்திருக்கிறோம்.

கொள்ளிடக்கரை:

தம்பி, முதலில் பெட்டியைத் திரும்பக் கட்டுங்கள். அந்த ஊரில் ஜூலை, ஆகஸ்டில் பகல் உச்சமே 19, 20 டிகிரிதான், ராத்திரி 12, 13க்கு இறங்கும். மேற்கிலிருந்து காற்று விடாமல் அடிக்கும். நம்ம பக்கத்து மார்கழி விடியலை நாள் முழுக்க நீட்டினது போல இருக்கும். உள்ளே ஒரு பனியன், அதன்மேல் முழுக்கைச் சட்டை, அதற்கும் மேல் காற்றுப் புகாத ஜாக்கெட் என்று அடுக்கடுக்காகப் போடுங்கள். மதியம் வெயில் வந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். நல்ல வெயில் வேண்டுமென்றால் செப்டம்பர், அக்டோபர்தான் அங்கே மாசம். டிக்கெட் போட்டாச்சு என்பதால் அதை விடுவோம்.

இந்தக் குளிர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் உங்கள் நாலு நாளையும் நீங்களே திட்டமிடலாம். கலிபோர்னியா கரையோரம் வடமேற்குக் காற்று கடலின் மேல்நீரைத் தள்ளிக்கொண்டு போக, அடியிலிருந்து ஜில்லென்ற தண்ணீர் மேலே வருகிறது. அதன்மேல் வரும் ஈரக்காற்று குளிர்ந்து மூடுபனியாகிறது. அதே நேரம் உள்நாட்டுச் சமவெளி 40 டிகிரிக்குக் கொதிக்கிறது. சூடான காற்று மேலே எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடல்காற்று உள்ளே பாய்கிறது. கரையோர மலைத்தொடரில் அதற்குக் கிடைக்கிற பெரிய வாசல் ஒன்றே ஒன்று, கோல்டன் கேட் நீர்ச்சந்தி. பாலம் நிற்பது அந்த வாசலிலேயே. ஊரெல்லாம் வெயிலடிக்கும்போதும் பாலம் மட்டும் காணாமல் போவதற்கு இதுதான் காரணம்.

ஆகவே பாலத்துக்கு அதிகாலையில் போகாதீர்கள். பெரும்பாலான நாட்களில் மூடுபனி முற்பகலில் கரைந்து, சாயங்காலம் 4, 5 மணிக்கு மேல் திரும்ப வரும். 12லிருந்து 3 மணி வரைதான் உங்களுக்கான நேரம். இந்த நாளில்தான் பாலம் என்று முடிவு கட்டிவிடாமல், தினமும் காலையில் இணையத்தில் பாலத்தின் நேரடி கேமராவைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கோபுரம் தண்ணீர் மட்டத்திலிருந்து 227 மீட்டர் உயரம். உச்சி மறைந்திருந்தாலும் நடைபாதையில் கண் தெரியும், அப்படிப் பார்ப்பதும் தனி அழகு.

நடப்பவர்களுக்குக் கிழக்குப் பக்க நடைபாதை. கோடையில் காலை 5 முதல் இரவு 9 வரை திறந்திருக்கும், கட்டணம் இல்லை. ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு 2.7 கிலோமீட்டர், ஏறக்குறைய சமதளம். உங்கள் நண்பர் முழுக்க நடக்க வேண்டாம். முதல் கோபுரம் வரை போய்த் திரும்பினாலே போதும். சில நேரம் சைக்கிள்காரர்களும் அதே பாதையில் வருவார்கள், ஓரமாக நடங்கள். திரும்பும்போது தெற்கு முனையில் வைத்திருக்கும் பாலத்து வடத்தின் வெட்டுத்துண்டைப் பார்க்காமல் வராதீர்கள். பாலத்தின் பெரிய வடம் ஒவ்வொன்றிலும் பென்சில் கனத்தில் 27,572 கம்பிகள், மொத்த விட்டம் 92 சென்டிமீட்டர். 1937இல் திறந்ததிலிருந்து அத்தனை பாரத்தையும் தாங்கி நிற்பது எது என்பது அந்தத் துண்டின் முகத்தைப் பார்த்தால் விளங்கும்.

குடமுருட்டி:

கார் பற்றி நான் சொல்றேன் அண்ணே. ஊருக்குள்ள வேண்டவே வேண்டாம். ஓட்டல்ல காரை நிறுத்த ஒரு ராத்திரிக்கு 50 டாலருக்கு மேல கேட்பாங்க. தெருவுல நிறுத்தினா கண்ணாடியை உடைச்சுப் பை எடுக்கிறது அங்கே தீராத தொல்லை. வெறும் பை, சார்ஜர் வயர் கண்ணுல பட்டாலே போதும், கண்ணாடி போச்சு.

விமான நிலையத்துல இன்டர்நேஷனல் டெர்மினல்லயே பார்ட் ரயில் நிக்குது. பவல் தெரு ஸ்டேஷனுக்கு அரை மணி நேரம், ஆளுக்கு 10 டாலருக்கு மேல ஆகும். டிக்கெட்டுக்குப் பதிலாத் தட்டிப் போற கிளிப்பர் கார்டை போன்லயே ஏத்திக்கலாம். ஒரு கார்டுல ரெண்டு பேர் போக முடியாது, ஆளுக்கு ஒண்ணு வேணும். அதே கார்டு முனிங்கிற நகர பஸ்ஸுக்கும் டிராமுக்கும் செல்லும். ஒருமுறை தட்டினா 3 டாலருக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்கு எந்த பஸ் மாறினாலும் திரும்பக் கட்ட வேண்டாம். பாலத்துக்கு 28ஆம் நம்பர் பஸ். ஃபெரி கட்டடத்துலேர்ந்து மீன்பிடித் துறை வரைக்கும் எஃப் லைன்ல பழைய காலத்து டிராம் ஓடுது.

தெருத் தண்டவாளத்துல ஓடுற கேபிள் கார் மட்டும் தனிக் கணக்கு. ஒரு தடவை ஏற 8, 9 டாலர் ஆகும், மாறிப் போகும் சலுகையும் கிடையாது. அதனால கேபிள் கார் ஏறுறதை எல்லாம் ஒரே நாளுல வச்சுக்கிட்டு, அந்த ஒரு நாளைக்கு முனிமொபைல் ஆப்புல விசிட்டர் பாஸ்போர்ட்டுங்கிற பயணப் பாஸ் வாங்குங்க. அன்னைக்கு எத்தனை தடவை வேணும்னாலும் ஏறலாம். ஏறுறதுக்கு முன்னாடி ஆப்புல அதைத் தொடங்கி வைக்கணும், இல்லேன்னா செல்லாது. பார்ட் ரயிலுக்கு இந்தப் பாஸ் ஆகாது.

பவல் தெரு முனையில வண்டியைக் கையால திருப்புற மேடைகிட்ட வரிசை ஒரு மணி நேரம் கூட நிக்கும். காலையில 9 மணிக்கு முன்னாடி போங்க. இல்லேன்னா கலிபோர்னியா தெரு லைன்ல ஏறுங்க, கூட்டம் கம்மி, அதே வண்டி அனுபவம்தான். அந்த வண்டியில மோட்டாரே கிடையாது. தெருவுக்கு அடியில எஃகு வடம் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்துல ஓடிக்கிட்டே இருக்கும். நடுவுல நிக்கிறவர் பெரிய நெம்புகோலைப் பின்னால இழுத்தா, கீழே இடுக்கி அந்த வடத்தைக் கவ்வும், வண்டி நகரும். விட்டா நிக்கும். இறக்கத்துல ஒரு கருகின மரவாடை வரும், பயப்படாதீங்க. தண்டவாளத்து மேல அழுத்துற பிரேக் கட்டை நிஜமாவே மரம், சில நாளிலேயே தேஞ்சு மாத்திடுவாங்க. வாஷிங்டன் தெருவும் மேசன் தெருவும் சேர்ற இடத்துல கேபிள் கார் மியூசியம் இருக்கு, இலவசம். அத்தனை வடத்தையும் சுத்துற ராட்சத சக்கரங்களை மாடத்துலேர்ந்து பார்க்கலாம். 1873லேர்ந்து இந்த ஊர்ல இருக்கிற வித்தை இது. எதை விட்டாலும் இதை விடாதீங்க.

கால் விஷயத்துல ஒரு எச்சரிக்கை. போன் வரைபடத்துல ‘நடந்தா 8 நிமிஷம்’னு காட்டும், நடுவுல இருக்கிற மேடு தெரியாது. ஃபில்பர்ட் தெருவுல ஒரு பகுதி 31 சதவீதத்துக்கு மேல சரிவு. வளைஞ்சு வளைஞ்சு இறங்குற லொம்பார்ட் தெருவுல 8 வளைவு, ரெண்டு ஓரமும் படிக்கட்டு. நண்பருக்குப் படி இறக்கம் ஆகாதுன்னா, ஹைட் தெரு கேபிள் கார்ல உச்சியில இறங்கி அங்கேர்ந்தே பார்த்துட்டு அடுத்த வண்டியில ஏறிடுங்க. சமதரை நடைக்கு ஃபெரி கட்டடத்துலேர்ந்து 39ஆம் நம்பர் துறை வரைக்கும் கடலோரச் சாலை இருக்கு. ஒரு மேடு கிடையாது, வழி நெடுக உட்கார பெஞ்சு.

ரூம்: யூனியன் ஸ்கொயர் பக்கம்னா பார்ட் ரயில் கிட்டத்துல. ஆனா அதுக்கு மேற்கால டெண்டர்லாயின் இருக்கு. விலை பாதியா இருக்கேன்னு அங்கே போட்டுடாதீங்க, ராத்திரி நடமாட சரிவராது. உங்க ரெண்டு பேருக்கும் மீன்பிடித் துறைப் பக்கம்தான் நான் சொல்லுவேன், வாசலை விட்டு இறங்கினா சமதரை. காட்டுற விலைக்கு மேல ஓட்டல் வரி 14 சதவீதத்தைத் தாண்டும், பதிவு பண்றப்பவே கடைசித் தொகையைப் பாருங்க.

வெண்ணாறு:

அல்கட்ராஸ் டிக்கெட்டை இன்றைக்கே பாருங்கள். 90 நாள் முன்பே திறந்துவிடும், கோடையில் வாரக்கணக்கில் முன்னாலேயே தீர்ந்துபோகும். தீவில் இறங்க அனுமதி உள்ள படகு 33ஆம் நம்பர் துறையிலிருந்து கிளம்புவது மட்டும்தான். ‘அல்கட்ராஸ் படகுச் சவாரி’ என்று பக்கத்தில் விற்பதெல்லாம் தீவைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்புகிறவை. பெயரை மட்டும் பார்த்துக் காசைக் கட்டிவிட்டுக் கரையில் நின்று வருந்துகிறவர்கள் நிறைய. டிக்கெட் 50 டாலரை ஒட்டி வரும், சிறைக்குள் கேட்கும் ஒலிவழிகாட்டியும் அதில் சேர்த்தி. பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள்.

காலை முதல் படகுகளில் போடுங்கள். காலையில் பாலம் பனியில் இருக்கும், அந்த நேரத்தைத் தீவுக்குக் கொடுத்தால் நஷ்டம் இல்லை. படகு 15 நிமிடம், மொத்தம் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். இறங்கும் துறையிலிருந்து சிறைக் கட்டடம் 13 மாடி உயரம், செங்குத்தான சரிவுப்பாதை. நடக்க முடியாதவர்களுக்கு மின்வண்டி விடுகிறார்கள். படகிலிருந்து இறங்கியதும் ஊழியரிடம் கேட்க வேண்டும். தீவில் சாப்பாடு விற்பதில்லை, துறையைத் தாண்டி மேலே சாப்பிடவும் கூடாது. 1934 முதல் 1963 வரை மத்திய சிறையாக இருந்ததைத்தான் எல்லோரும் பேசுவார்கள். 1969 நவம்பரிலிருந்து 1971 ஜூன் வரை அமெரிக்கப் பழங்குடி மக்கள் இந்தத் தீவைக் கைப்பற்றி உரிமை கேட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் சிவப்புப் பெயிண்டில் எழுதிய வாசகம் தண்ணீர்த் தொட்டியில் இன்றும் தெரியும், நிமிர்ந்து பாருங்கள்.

39ஆம் துறையில் கடற்சிங்கங்களைப் பற்றிப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். ஜூன், ஜூலையில் பெரும்பாலானவை குட்டி போடத் தெற்கே தீவுகளுக்குப் போய்விடும்.

சைவம்: ‘வெஜிடேரியன்’ என்று சொன்னால் மட்டும் போதாது. மிஷன் பகுதியில் பரிட்டோ (சோறும் பீன்ஸும் வைத்துச் சுருட்டிய மெக்சிகோ ரொட்டி) வயிறு நிறைய, விலையும் கட்டுப்படியாகும், ஆனால் மசித்த பீன்ஸில் பன்றிக்கொழுப்பு சேர்க்கிற கடைகள் உண்டு, சோற்றைக் கோழிச்சாற்றில் வேகவைப்பதும் உண்டு. மசிக்காத கறுப்பு பீன்ஸ் கேளுங்கள். சைனாடவுனில் காய்கறிப் பொரியலிலும் சிப்பிச் சாஸ் இருக்கும், பர்மியக் கடைத் தேயிலைச் சாலட்டில் காய்ந்த இறால் இருக்கும். ‘நோ லார்ட், நோ சிக்கன் ஸ்டாக், நோ ஃபிஷ் சாஸ், நோ எக்’ என்று நாலையும் சேர்த்தே சொல்லுங்கள். பில்லில் விற்பனை வரியும், உட்கார்ந்து சாப்பிட்டால் 18, 20 சதவீதம் டிப்ஸும் சேரும்.

ஊரிலிருந்து பொடி வகை, வறுத்து அரைத்த காப்பித்தூள் கொண்டு போகலாம், சுங்கத்தில் அதைச் சொல்லிவிடுங்கள். கறிவேப்பிலை, வெற்றிலை, அரிசி, முளைக்கிற விதை எதுவும் வேண்டாம். பிடுங்கிப் போட்டுவிடுவார்கள், மறைத்தால் அபராதம்.

சுவாமிமலை:

எல்லோரும் பாலத்தையும் படகையும் சொல்லிவிட்டார்கள். நம் ஊர்க்காரர்கள் அவசியம் போக வேண்டிய இடம் இரண்டு உண்டு.

ஒன்று, சிவிக் சென்டரில் சிட்டி ஹாலுக்கு எதிரே ஏஷியன் ஆர்ட் மியூசியம். மாதத்தின் முதல் ஞாயிறு பொது அனுமதி இலவசம், உங்கள் கடைசி நாளுக்குச் சரியாகப் பொருந்துகிறது. தென்னிந்தியப் பகுதியில் சோழர் காலச் சிற்பங்கள் இருக்கின்றன. செப்புத்திருமேனி முன் நின்றால் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள், குனிந்து பீடத்தைப் பாருங்கள். அதில் துளையோ வளையமோ இருந்தால், தண்டு கோத்து வீதியுலா எழுந்தருளப் பண்ணுவதற்காக வைத்தது அது. கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்பதற்காக வார்த்தது அல்ல. காவிரி வண்டலில் அச்சுக் கட்டி மெழுகை உருக்கி வார்க்கும் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, அங்கே வரும் மற்ற யாருக்கும் தெரியாதது தெரியும். ஒவ்வொரு சிலைக்கும் எழுதியிருக்கும் விவரப் பலகையில் எப்படி வந்தது என்பதையும் படியுங்கள், கேள்வி எழுந்தால் ஊழியரிடம் கேளுங்கள்.

இரண்டாவது, வெப்ஸ்டர் தெருவும் ஃபில்பர்ட் தெருவும் சேரும் முனையில் வேதாந்த சங்கத்தின் பழைய கோயில். 1906 ஜனவரியில் திறந்தது, மேலை நாடுகளில் எழுந்த முதல் இந்துக் கோயில். அதே ஏப்ரலில் ஊரையே அழித்த நிலநடுக்கத்திலும் நெருப்பிலும் தப்பியது. ஒரே கூரைமேல் ஒவ்வொரு கோபுரமும் ஒவ்வொரு பாணியில் இருக்கும். 1897இல் நம் கும்பகோணத்தில் பேசிய விவேகானந்தர் 1900இல் அங்கே தொடங்கிய சங்கம் அது. 28ஆம் பஸ் லொம்பார்ட் தெரு வழியாகப் போகும்போது இறங்கிச் சற்று நடந்தால் போதும்.

அரசலாறு (கும்பகோணம்):

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஜாக்கெட் வாங்கியாச்சு, அல்கட்ராஸ் வெள்ளி காலை 9 மணிக்குள் கிடைத்துவிட்டது. ஒன்றே ஒன்று: நண்பனுக்கு ரெட்வுட் என்கிற ராட்சத செம்மரம் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. அதற்காகச் சனிக்கிழமை மட்டும் கார் எடுக்கலாமா?

கொள்ளிடக்கரை:

எடுக்கலாம். அந்த மரங்கள் இருக்கும் மியூர் வுட்ஸ் காடு பாலத்துக்கு அப்பால் 20 கிலோமீட்டருக்குள்தான். ஆனால் காருக்கு நிறுத்துமிடம் முன்பதிவு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், சனிக்கிழமை என்றால் இப்போதே போடுங்கள். கார் வேண்டாமென்றால் சனி, ஞாயிறில் ஷட்டில் பஸ் உண்டு, அதே முன்பதிவு இணையதளத்தில் பதியலாம், கிளம்பும் இடமும் நேரமும் அதில் வரும். பள்ளத்தாக்கில் போன் சிக்னல் கிடையாது. பதிவுச் சீட்டையும் வரைபடத்தையும் ஓட்டலிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நண்பருக்கு ஏற்ற இடம்தான். அடிவாரப் பாதை பெரும்பாலும் பலகை போட்ட சமதளம், படி இல்லை. பெரும்பாலான மரங்களுக்கு 600லிருந்து 800 வயது, உயரமானவை 75 மீட்டரைத் தாண்டும். கோடையில் அங்கே மழையே பெய்யாது. உங்களுக்குப் பாலத்தை மறைக்கிற அதே மூடுபனிதான் இலைகளில் படிந்து சொட்டி இந்த மரங்களின் வேரை நனைக்கிறது. அங்கே மட்டும் காலையில் போங்கள், பனி நிற்கும்போதுதான் அந்தக் காடு காடாக இருக்கும்.

காரைக் காலையில் எடுத்துச் சாயங்காலமே திருப்பிவிடுங்கள், ராத்திரி நிறுத்தும் செலவு மிச்சம். மேட்டில் நிறுத்தினால் சக்கரத்தைத் திருப்பி வைப்பது சட்டம்: வண்டி இறக்கம் பார்த்து நின்றால் நடைமேடைப் பக்கம், ஏற்றம் பார்த்து நின்றால் சாலைப் பக்கம். பாலத்தில் ஊருக்குள் திரும்பும் திசையில் மட்டும் சுங்கம், காசு வாங்க ஆளே கிடையாது, கேமரா நம்பரைப் படம் எடுக்கும். வாடகைக் கம்பெனி மூலம் கட்டினால் சேவைக் கட்டணம் தனியாகப் போடுவார்கள். காரின் நம்பரைக் கொடுத்துப் பாலத்தின் சுங்க இணையதளத்தில் நீங்களே ஒருமுறைக் கட்டணமாகக் கட்டலாம். பாலத்தைக் கடந்தபின் 48 மணி நேரத்துக்குள் கட்டிவிட வேண்டும், ஞாயிறு விமானம் ஏறும் முன் முடித்துவிடுங்கள்.